குழாய்க்கடைக்கு ஒரு சாட் பெட்டி

சாட் பெட்டி வந்துவிட்டது. வந்தது சரிதான், உட்கார்ந்த இடம்தான் சரியில்லை. கடையின் வெப்சைட்டில் 'வாங்கு' என்று பச்சையாக ஒரு பட்டன் உண்டு. அதன் மேலேயே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"இப்ப எப்படி வாங்கறது?" என்று கேட்டார் குழாய்க்கடைக்காரர்.

"கேட்டு வாங்கலாம் மாமா. அதுக்குத்தானே சாட்டே!" என்றான் அவருடைய சின்ன மாப்பிள்ளை, கொஞ்சமும் அசராமல்.

சின்ன மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர். எந்த வேலையைச் சொன்னாலும் "அஞ்சு நிமிஷம்" என்பான். பொய் சொல்கிறான் என்று யாரும் அவனைப் பிடித்துவிட முடியாது. எந்த அஞ்சு நிமிஷம் என்று அவன் சொன்னதே இல்லை.

வெப்சைட் செய்துகொடுப்பதுதான் அவன் தொழில். கல்யாணமான புதிதில் மாமனார் கடைக்கு ஒன்று செய்துகொடுத்தான். ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவனுக்கு இருக்கிற மரியாதையெல்லாம் அந்த ஒரு சைட்டால் வந்ததுதான். "நம்ம சைட்ட இவர்தான் பார்த்துக்கறாரு" என்று மாமனார் யாரிடமாவது அறிமுகப்படுத்தினால் போதும், அன்றைக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிடுவான்.

அந்த மரியாதைக்குத்தான் இப்போது ஆபத்து. பெரிய மாப்பிள்ளை, அதாவது இவனுடைய சகலை, எங்கேயோ ஒரு கம்பெனியைப் பிடித்து வந்திருந்தார். வாடிக்கையாளர்கள் கடையோடு நேரடியாகப் பேசுகிற சாட் வசதியோடு புத்தம்புது சைட் செய்து தருவார்களாம். இந்தக் காலத்தில் சாட் இல்லாத சைட் எல்லாம் ஒரு சைட்டா என்று மாமனார் காதில் ஓதிவிட்டார்.

"நானே சாட் போடறேன் மாமா. பிளகின்னு ஒண்ணு இருக்கு. ஓடற பைப்ல ஒரு டீ ஜாயின்ட் போட்டு இன்னொரு குழாய் எடுக்கறோமில்ல, அந்த மாதிரி. சைட்ட ஒடைக்க வேண்டாம், சும்மா சொருகினாப் போதும்."

"டீ ஜாயின்ட் போட்டா லீக் ஆகுமே?"

"ஒழுங்காப் போட்டா ஆகாது."

மாமனார் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "தப்பா நெனைக்காதீங்க மாப்பிள்ளை. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அந்தச் சாட்ல ஒரே ஒரு வியாபாரம் நடக்கட்டும். சைட் உங்ககிட்டயே இருக்கும். இல்லேன்னா நாளைக்குக் காலைல அந்தக் கம்பெனிக்காரன வரச் சொல்லிடுவேன்."

"ஆறு மணி எதுக்கு மாமா? அஞ்சு நிமிஷம்!"

இது நடந்தது காலை பத்தரை மணிக்கு.

'வாங்கு' மேல் ஏறி உட்கார்ந்த பெட்டியை இடப்பக்கம் நகர்த்தினான். கடையின் போன் நம்பர் மறைந்தது. மேலே ஏற்றினான். அங்கே முதலாளியின் புகைப்படம் இருந்தது. பெட்டி சரியாக முகத்தில் உட்கார்ந்து, மீசையை மட்டும் வெளியே விட்டது. மாமனார் அதைப் பார்ப்பதற்குள் கீழே இறக்கினான். ஒருவழியாக ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது.

"பார்த்தீங்களாக்கா? கச்சிதம்!" என்றான் கவுன்ட்டர் அக்காவிடம்.

கவுன்ட்டர் அக்கா அந்தக் கடையில் இருபது வருஷமாக இருப்பவர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே வாஷர் அளவு சொல்லுவார். கம்ப்யூட்டரில் மட்டும் ஒரே விரலால்தான் தட்டுவார், அதுவும் ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்து. சாட்டில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற பொறுப்பு அவருக்கு.

அஞ்சு நிமிஷம் செல்போனை எடுத்தான். 'நம் குடும்பம்' என்று ஒரு குரூப். மாமனார், மாமியார், மனைவி, சகலை, இவன் என்று ஐந்து பேர். சகலையின் மனைவி போன மாசமே எதற்கோ கோபித்துக்கொண்டு குரூப்பைவிட்டு வெளியேறியிருந்தாள். சாட்டோடு கூடிய சைட்டின் லிங்க்கை அதில் போட்டு, "சாட் வந்தாச்சு! உள்ள போய் அழகைப் பாருங்க!" என்று எழுதினான்.

மனைவி ஒரு இதயம் அனுப்பினாள். மாமியார் கைகூப்பினார். சகலை கொட்டாவி விடுகிற பொம்மையை அனுப்பினார். மாமனார் ஒன்றும் அனுப்பவில்லை. கண்ணாடிக் கேபினுக்குள் போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணி ஆனது. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

சகலை வந்தார். இன்றைக்கு லீவு போட்டிருக்கிறாராம். வேடிக்கை பார்க்க லீவு போடுகிற மனுஷனை என்ன சொல்வது! வாஷ்பேசின்கள் அடுக்கியிருந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செல்போனைக் கையில் எடுத்தார்.

"ஆட்டம் பார்க்கறேன் சகலை. நீங்க ஒங்க வேலயப் பாருங்க."

"ஒக்காந்து பாருங்க சகலை. இங்கயும் ஒரு ஆட்டம் இருக்கு" என்றான் அஞ்சு நிமிஷம்.

பன்னிரண்டேகாலுக்கு 'டிங்' என்று ஒரு சத்தம். கவுன்ட்டர் அக்கா துள்ளி எழுந்தார்.

பெயர் சொல்லாமல் வருகிறவர்களுக்கு அந்தப் பிளகின் தானே ஒரு பெயர் வைத்துவிடும். முதலில் வந்தவர் விருந்தாளி ஒன்று.

"வணக்கம். சைட் ரொம்ப அழகா இருக்கு. யார் செஞ்சது?"

அக்கா எழுத்துத் தேடி அடித்தார்: "எங்க மொதலாளியோட மாப்பிள்ளை."

"அப்படியா! அவங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க."

அஞ்சு நிமிஷத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்ப்யூட்டரையே திருப்பிச் சகலைக்குக் காட்டினான். "பாருங்க சகலை! மக்கள் தீர்ப்பு!"

"வாங்கறாங்களா, வாழ்த்தறாங்களா?" என்றார் சகலை, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதுவும் நியாயம்தான். விருந்தாளி ஒன்று எதையும் வாங்குகிற மாதிரித் தெரியவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "சும்மா பார்த்துட்டிருக்கேன்" என்று பதில் வந்தது.

அடுத்து விருந்தாளி இரண்டு. இவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அரை இஞ்ச் பித்தளைக் குழாய் என்ன வெலை?"

"சைட்ல போட்டிருக்கு" என்றார் அக்கா.

"போட்டிருக்கறது தெரியுது. குடுக்கறது என்ன?"

மூன்றாவது விருந்தாளி வரும்போதே வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தப் பெட்டிய எவன் போட்டான்? பாதி தெரியல. தொழில் தெரிஞ்சவன் ஒருத்தனும் கெடைக்கலியா?"

நான்காவது விருந்தாளியின் குறை வேறு.

"சமையல்கட்டுக் குழாய் ஏழு மாசமா சொட்டுது. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். நான் என்ன பண்ணட்டும்?"

நான்கு பேருக்கு நான்கு பெட்டிகள் திரையில் திறந்தன. அக்கா ஒரு பெட்டியில் 'வா' என்று அடித்துவிட்டு 'ஷ'வைத் தேடுவதற்குள் மற்ற மூன்றும் டிங் டிங் என்று அடித்துக்கொண்டன. குழாய் கேட்டவருக்குப் போகவேண்டிய விலை சொட்டுகிறவருக்குப் போனது. சொட்டுகிறவருக்குச் சொல்லவேண்டிய ஆறுதல் திட்டுகிறவருக்குப் போனது.

"தம்பி, எனக்கு வேல செய்யறது ஒரே வெரல். இந்த நாலையும் ஒண்ணாக்குங்க."

"அவ்ளோதானேக்கா? அஞ்சு நிமிஷம்."

பிளகினுக்குள் போய்த் தேடினான். 'எல்லா உரையாடலும் ஒரே அறையில்' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டான். நான்கு பெட்டியும் ஒன்றாகிவிட்டது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்காவுக்கு எல்லாரும் ஒரே இடத்தில் தெரிந்தார்கள், சரி. எல்லாருக்கும் எல்லாரும் தெரிய ஆரம்பித்தார்கள் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது.

"அட, இத்தன பேர் இருக்கீங்களா? யாருக்காவது வாஷர் மாத்தத் தெரியுமா?" என்று கேட்டார் விருந்தாளி நான்கு.

"வாஷர் இருக்கட்டும். மொதல்ல இந்த சைட் செஞ்ச ஆள மாத்தணும்" என்றார் மூன்று.

"குழாய் வாங்க வந்தா குழாய் வாங்கிட்டுப் போங்க. அவர எதுக்குக் கொற சொல்றீங்க?" என்று பாய்ந்தார் ஒன்று.

"நீங்க என்ன, அவருக்கு வக்கீலா?"

"ஒங்கள மாதிரி எங்க சொந்தத்துலயும் ஒருத்தர் இருக்காரு. வாயத் தொறந்தா கொறதான்."

"பாவம், ஒங்க தொல்லைய எப்படித்தான் தாங்கறாரோ!"

"சண்டைய வெளில வெச்சுக்கங்க. எனக்கு வெலை சொல்லுங்க" என்றார் இரண்டு.

விருந்தாளி நான்கு இப்போது இரண்டின் பக்கம் திரும்பினார். "எப்பப் பாரு வெலை வெலைன்னு! எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கீங்க."

"அவரு நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு."

"நல்ல மனுஷன்தான். குழாய்தான் சொட்டுது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தம்பி, கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருக்கு. நான் எதுவும் சொல்லணுமா, இல்ல கேட்டுட்டிருந்தாப் போதுமா?"

அஞ்சு நிமிஷத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மணி இரண்டரை. அக்காவின் ஒற்றை விரல் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடிதடியே நடந்துவிடும் என்று பட்டது. பதிலைப் பிளகினே சொல்லிவிட்டால் என்ன? அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. 'வரும் ஒவ்வொரு செய்திக்கும் தானாகப் பதில் அனுப்பு.' டிக் போட்டு, "வணக்கம்! உங்கள் மனநிறைவே எங்கள் மகிழ்ச்சி!" என்று பதிலையும் எழுதிவைத்தான்.

"இனிமே நீங்க காலை நீட்டி ஒக்காரலாம்கா."

ஒவ்வொரு செய்திக்கும் என்றால் ஒவ்வொரு செய்திக்கும்தான். விருந்தாளி நான்கு "குழாய்..." என்று ஆரம்பித்தார். பிளகின் வணக்கம் சொன்னது. தான் சொன்ன வணக்கமும் ஒரு செய்திதானே? அதற்கும் ஒரு வணக்கம் சொன்னது. அந்த வணக்கத்துக்கு இன்னொன்று. இதற்கு நடுவே விருந்தாளி நான்கு, மரியாதை தெரிந்த மனுஷி, ஒவ்வொரு வணக்கத்துக்கும் "வணக்கங்க" என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷத்தில் அறுபத்து நான்கு வணக்கம்.

"இதுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றார் விருந்தாளி மூன்று. அதற்கும் வணக்கம்.

மூலையில் சகலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் எப்படி சகலை?" என்று கடுப்போடு கேட்டான்.

"பிரமாதமாப் போயிட்டிருக்கு சகலை!"

அஞ்சு நிமிஷம் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கடை ஊழியர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் பெயர் இருக்கிறவர்கள் எழுதினால் இந்தத் தானியங்கி வாயைத் திறக்காது. அப்படியென்றால் எல்லாரையும் ஊழியர்கள் ஆக்கிவிட்டால் தீர்ந்தது! விருந்தாளிகள் நான்கு பேரையும், கூடவே அந்தத் தானியங்கியையும் பட்டியலில் ஏற்றினான். வணக்கம் சட்டென்று நின்றது. மழை விட்ட மாதிரி அமைதி.

"மூளை வேணும்கா, மூளை" என்று பொட்டில் தட்டிக் காட்டினான்.

டிங்.

"குழாய்க்கடை: இன்னிக்கு எங்க கடை லீவு. பக்கத்துக் கடைக்குப் போங்க."

"இத நான் அடிக்கலியே?" என்றார் அக்கா.

"குழாய்க்கடை: பொய்! கடை தொறந்துதான் இருக்கு. எல்லாரும் வாங்க!"

"குழாய்க்கடை: அது கெடக்கட்டும், கடைசி வெலை என்ன?"

"குழாய்க்கடை: குழாய் சொட்டுதுன்னா அடில ஒரு வாளி வைங்க."

"குழாய்க்கடை: ஐயோ, கடைக்காரங்களே இப்படிப் பேசலாமா?"

ஊழியர்கள் எழுதுவதெல்லாம் கடையின் பெயரில்தான் வரும். இப்போது எல்லாரும் ஊழியர்கள்.

"தம்பி, இதுல நான் யாரு?" என்று அக்கா பாவமாகக் கேட்டார்.

கேபின் கதவு படாரென்று திறந்தது. மாமனார் முகம் சிவந்து வெளியே வந்தார். "என் கடைக்கு லீவு விட எவன்யா அவன்?"

"சின்னக் கொழப்பம் மாமா. அஞ்சு..."

"மணி நாலு மாப்பிள்ளை!"

கதவு மறுபடி படாரென்று மூடியது. அஞ்சு நிமிஷம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அக்கா, இந்த சைட் மட்டும் கைவிட்டுப் போச்சுன்னா இந்த வீட்ல நான் யாரு? சும்மா ரெண்டாவது மாப்பிள்ளை. விசேஷத்துக்கு நாற்காலி எடுத்துப் போடற ஆளு."

அக்காவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"இருபது வருஷமாப் பார்க்கறேன் தம்பி. லீக் எங்கன்னு தெரியலேன்னா மொத்தத்தையும் கழட்டி மறுபடி மாட்டணும். அதான் வழி."

கழற்றினான். பிளகினை அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடி மாட்டினான். இந்தத் தடவை ஒரு கட்டத்தில்கூடத் தேவையில்லாமல் டிக் போடவில்லை. ஐந்தேகால் மணிக்குப் பெட்டி தன் மூலையில் பதவிசாக உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு தனி அறை. வணக்கம் ஒரே ஒரு தடவை.

இத்தனை கூத்துக்கு அப்புறம் யார் வரப்போகிறார்கள்?

டிங். டிங். டிங். டிங்.

நான்கு பேரும் திரும்பி வந்தார்கள்!

"பார்த்தீங்களாக்கா! வெரட்டி விட்டாலும் போக மாட்டேங்கறாங்க. இதுக்குப் பேருதான் வாடிக்கையாளர்!" போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு விருந்தாளி இரண்டு எழுதினார்.

"பன்னெண்டு குழாய் எடுத்துக்கறேன். எத்தன சதவீதம் கொறைப்பீங்க?"

அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அஞ்சுக்கு மேல நான் தொடமாட்டேன் தம்பி. அஞ்சுக்கு மேல கொறைச்சா மொதலாளி என்னக் கொறைச்சிருவாரு."

அஞ்சு நிமிஷம் கேபினைத் திரும்பிப் பார்த்தான். செய்தித்தாள் விரிந்திருந்தது, அதற்குப் பின்னால் மாமனார் தலை குனிந்திருந்தது. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான்.

"பத்து."

"இருபது."

"பன்னெண்டு. அதுக்கு மேல கட்டாது."

"பதினஞ்சுன்னா இப்பவே முடிச்சுக்கலாம். ஒங்க மொதலாளிக்குத் தெரிஞ்சா ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

மணி ஐந்து ஐம்பத்து நான்கு.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் காலத்து ஆளு. நான் பார்த்துக்கறேன்" என்று அடித்து அனுப்பினான்.

எதிர்ப்பக்கம் ஏதோ எழுதுகிற அடையாளமாக மூன்று புள்ளிகள் ஆடின, நின்றன, மறுபடி ஆடின.

"சரி. பன்னெண்டையும் எடுத்து வைங்க. நானே வந்து எடுத்துக்கறேன். பக்கத்துலதான்."

ஆர்டர் விழுந்தது. கவுன்ட்டர் அக்கா கைதட்டினார். அஞ்சு நிமிஷம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று ஒரு கூச்சல் போட்டான். அதைக் கேட்டு மாடி வீட்டிலிருந்து மனைவியும் மாமியாரும் செல்போனும் கையுமாக இறங்கி வந்தார்கள்.

மாமனார் கேபினைவிட்டு மெல்ல வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்த்தார்.

"பதினஞ்சு சதவீதமா?"

"மாமா, அது வந்து..."

"சரி சரி. சொன்னா சொன்னதுதான். சைட் ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மனைவி, கண் நிறைய அவனைப் பார்த்துக்கொண்டு. மாமியார் திருஷ்டி கழிப்பதுபோல் கையைச் சுற்றி நெட்டி முறித்தார். சகலை பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார்.

இதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா அவன்?

"ஒரே நாள்ல இவ்ளோ கூட்டம் மாமா! நாளைக்கு விஷயம் பரவிச்சுன்னா இப்ப இருக்கற இடம் தாங்காது. பெரிய இடமா வாங்கிப் போட்டுடணும். அஞ்சு நிமிஷம், இப்பவே பேசிடறேன்."

சைட்டைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக் காக்கிற கம்பெனிக்குப் போன் போட்டான். சகலைக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தான். எடுத்த பெண்ணுக்குப் பொறுமையான குரல்.

"எங்க குழாய்க்கடை சைட்ல இன்னிக்கு சாட் போட்டோம் மேடம். ஜனம் அலைமோதுது. பெருசா ஒரு இடம் குடுங்க."

"ஒரு நிமிஷம் சார், பார்க்கறேன்" என்று அவள் எதையோ தட்டினாள். எல்லாரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். மாமனார் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

"சார், ஒங்க கடை சைட்ல சாட்டே இல்லியே... நீங்க காலைலேர்ந்து வேல பார்த்ததெல்லாம் சோதனைக்குன்னு எடுத்து வெச்ச நகல்ல, அத லிங்க் இல்லாம வெளியாளு யாரும் பார்க்கவே முடியாது. இன்னிக்கு மொத்தமே நாலு போன்தான் உள்ள வந்து பேசியிருக்கு, அந்த நாலும் ஒங்க கடை வைஃபைலதான் சார் இருக்கு!"